நல்ல நேரமும் முதல் பீஸும்

கண்ணு,

நேற்று மத்தியானம் போனில் நீ கேட்டதற்கு, "பாக்கலாங் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் உன் மாமனாரின் புது சிஎன்சி மெஷினுக்குப் பூஜை. சோமனூரில் பாதிப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். நல்ல நேரம் முடிவதற்குள் முதல் பீஸை வெட்டிக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும் என்கிறார். முதலில் இரும்பு மாட்டாமல் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதற்கு, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங் கண்ணு, நேரம் போயிருமல்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். "அப்பா, நீங்க ஒரு வார்த்த மாமாகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க" என்றாய். நான் அவரிடம் பேசப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கரண்ட் இல்லை. வழக்கம்போலப் பட்டப்பகலில் பிடுங்கிவிட்டார்கள். பட்டறையில் மெஷின் எல்லாம் சும்மா நிற்கிறது, ஆட்கள் டீக்கடைக்குப் போயிருக்கிறார்கள். உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "பல்லடத்துக்கும் சோமனூருக்கும் மணிக்கு நாலு பஸ் போவுது. புள்ளய நேராப் போய்ப் பாக்கறத உட்டுப்போட்டு இதென்ன கூத்து" என்றாள். நேரில் வந்தால் நான் பேச மாட்டேன், அங்கே போடுகிற காப்பியைக் குடித்துவிட்டு, மழை பேய்ந்ததா என்று சம்பந்தியிடம் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். போனில் பேசலாம் என்றால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அது உன் மேல் வருகிற கோபமாகவும் இருக்காது, ஆனால் உன் காதில்தான் விழும்.

உன்னைப் பெண் பார்க்க வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உன் மாமனார் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். நீ நிட்டிங் மெஷினுக்குப் புஷ் வளையம் கடைந்துகொண்டிருந்தாய். கையெல்லாம் கூலண்ட் தண்ணீர். சேலை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி உன் அம்மா பின்னாலிருந்து கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள், நீ அவளைப் பார்க்கவே இல்லை, மைக்ரோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மாமனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம், "எங்குளுக்கும் ஒரு சிஎன்சி வாங்கற யோசன இருக்குதுங்க. தறி ஸ்பேர் எல்லாம் இனி கை லேத்துல போட்டுக் கட்டாதுங்க. ஓட்டத் தெரிஞ்ச புள்ளயா ஊட்டுக்கு வந்தா அதவிட என்னங்க வேணும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை நல்ல பையன், அது வேறு விஷயம். ஆனால் உன் வேலையைக் கேட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போன வீடு என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நம் பட்டறைக்கு அந்தப் பழைய சிஎன்சி மெஷின் வந்தபோது நான் அதைக் கண்டு பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, நீ கண்டுபிடித்திருப்பாய். கை லேத்தில் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடக்கும். டூல் ஜாப்பை, வெட்டப்போகிற இரும்பை, நெருங்கும்போது கை தானாக மெதுவாகும், சத்தம் மாறினால் பின்னால் இழுத்துக்கொள்வேன். தப்பு நடப்பதற்கு முன்னால் கை நின்றுவிடும். இந்த மெஷின் அப்படி இல்லை. நாம் எதைச் சொன்னோமோ அதைச் செய்யும், தப்பாகச் சொல்லியிருந்தாலும் அதே வேகத்தில் செய்யும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த நீ, அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாய். டிராயிங்கைப் படித்து, எதை முதலில் பிடிப்பது, எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று முடிவு செய்த பிறகுதான் புரோகிராமே எழுதுவாய். அப்புறம் ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற ஜாவைச் சரிபார்ப்பது, டூல்களை மாட்டுவது, ஒவ்வொரு டூலின் நுனியையும் ஜாப்பில் தொட்டு, அது எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது. ஆஃப்செட் எடுப்பது என்று நீங்கள் எல்லாம் சொல்கிற வேலை அதுதான். அது முடிந்ததும் ஜாப் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, டிரை ரன் என்று காற்றில் ஒருமுறை ஓட்டுவாய். அதற்குப் பிறகுதான் இரும்பு. அதுவும் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, ஒரு கை எப்போதும் ஸ்டாப் பட்டன் மேலேயே.

எனக்குப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். "இன்னும் எத்தன நேரந்தான் காத்த வெட்டுவ, காசு குடுக்கறவன் இரும்பக் கேக்கறான்" என்று கத்துவேன். நீ திரும்பிப் பார்க்காமல், "ஆச்சுங்கப்பா" என்பாய். ஆகியிருக்காது. நான் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் கத்துவேன், மறுபடியும் "ஆச்சுங்கப்பா." இதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் அம்மா, "மாப்பிள்ள ஊட்ல போயி சாம்பாருக்கும் டிரை ரன் ஓட்டுவாளாட்ட இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். உன் கல்யாணப் பந்தலில் உன் சித்தப்பா மைக்கைப் பிடித்து, வாழ்க்கைக்கு டிரை ரன் கிடையாது, பொண்ணும் மாப்பிள்ளையும் நேராக இரும்பில் இறங்க வேண்டியதுதான் என்று பேசினானே, எல்லோரும் கை தட்டினார்களே, எனக்குச் சிரிப்பே வரவில்லை. எனக்கு அந்த ஆயுத பூஜைதான் ஞாபகம் வந்தது.

அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்றுவரை உட்கார்ந்து பேசியதில்லை. நம் பக்கத்தில் எல்லாப் பட்டறையிலும் செய்கிற மாதிரித்தான் நாமும் செய்தோம். டூல் மாட்டுகிற டரட்டிலிருந்து டூல்களை எல்லாம் கழட்டி, டீசலில் கழுவித் துடைத்து, வெட்டுகிற நுனிக்குப் புது இன்சர்ட் மாட்டி, வாழை இலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். மெஷினுக்கு மாலை, கதவுக்கு மாவிலை. பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு டூலாக எடுத்து எல்லோரும் சேர்ந்து திரும்ப மாட்டினார்கள். பாசத்தோடுதான் மாட்டினார்கள், குழந்தைகள்கூட ஸ்குரூ திருகின. அதில் துளை குடைகிற போரிங் பார் முன்பு இருந்ததைவிட இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? அது பழைய கணக்கைத்தான் வைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பெரியவர் என்று உன் பெரியப்பாவைத்தான் பட்டன் அமுக்கக் கூப்பிட்டோம். நீ அவர் பக்கத்தில் போய், "பெரியப்பா, டூலெல்லாம் கழட்டி மாட்டியிருக்குதுங்க. ஆஃப்செட் எடுத்துட்டு ஒருவாட்டி காத்துல ஓட்டிப் பாத்துரலாங்க" என்றாய். அவர் வாட்சைப் பார்த்தார். ராகு காலம் வருவதற்கு ரொம்ப நேரம் இல்லை. "நேத்து ஓடுன புரோகிராந்தான கண்ணு? நேத்து ஓடுனது இன்னைக்கு ஓடாதா?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ, "புள்ள படிச்ச புள்ளயல்ல" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஐயர் கையிலிருந்து தீபாராதனைத் தட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு தடவை சொல்லவில்லை, ஓர் எட்டு பின்னால் வந்து நின்றுகொண்டாய்.

கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், முதல் இரும்புச் சுருள் வருவதை எல்லோரும் பார்க்க வேண்டுமே. அந்தப் பழைய மெஷின் கதவு திறந்திருந்தாலும் ஓடும். பெரியப்பா சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினார். தேங்காய் மூட்டை லாரியிலிருந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். சுற்றிக்கொண்டிருந்த ஜாப்பில் அந்தப் போரிங் பார் நேராகப் போய் இடித்தது. ஜாப் அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்து உருண்டது. இன்சர்ட் நொறுங்கித் தெறித்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் வேலை பார்த்த சேவியர், பொரித் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றிருந்தார். ஒரு துண்டு அவர் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டுப் போனது. பொரி எல்லாம் சிவப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தையல் போட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. ஊர்க் கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தார்கள். பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தார்கள். மெஷின் கொண்டுவந்த முகூர்த்தம் சரியில்லை என்று ஒருவர், வாசல் தெற்கே பார்த்திருக்கக் கூடாது என்று இன்னொருவர். ஆஃப்செட் என்ற வார்த்தையை ஒருத்தர் வாயிலும் கேட்கவில்லை. சேவியர் நெற்றியில் கட்டோடு வேலைக்குத் திரும்பிய அன்று என்னிடம், "பாப்பா அப்பவே சொல்லிச்சுல்லா அண்ணாச்சி. நம்ம யாரு கேட்டோம்?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த இடியில் கெட்டுப்போன ஸ்பிண்டில் சரியாகி வந்த நாளிலிருந்து, நீ செட்டிங் பண்ணிய ஜாப்பில் முதல் பீஸுக்கு வேறு யாரையும் பட்டனைத் தொட விட்டதில்லை. அதையும் நீ வாயால் சொன்னதில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் குறுக்கே போய் நின்றுகொள்வாய், அவ்வளவுதான். நம் பட்டறையில் அது போதும், உன்னைத் தெரிந்தவர்கள். அங்கே போதாது கண்ணு.

என் பயம் அதுதான். நீ வேலையை விட்டுவிடுவாய் என்று நான் பயப்படவில்லை. பெரியவர்கள் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டு, அவர்கள் சிரித்தால், ஓர் எட்டு பின்னால் வந்து நின்றுகொள்வாயே, அதற்குத்தான் பயப்படுகிறேன். புது மருமகள் வேறு. தை மாதம், பட்டுச் சேலை, வீடு நிறைய ஆட்கள். மாப்பிள்ளையும் அப்பா பேச்சைத் தட்டாத பையன். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த மெஷின் பக்கத்தில் பொரித் தட்டோடு யார் நிற்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீயே நிற்கலாம்.

இவ்வளவு பயம் இருக்கிறவன் சம்பந்திக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று நீ கேட்பாய். போட்டால் கேட்பார், அது எனக்குத் தெரியும். தங்கமான மனுஷன். "சரீங்க, நீங்க சொன்னா அப்பறம் என்னங்க" என்று உடனே ஒத்துக்கொள்வார். ஆனால் அது பெண் கொடுத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை. உன் பேச்சுக்கு அதில் இடமே இல்லை. வெள்ளிக்கிழமை தப்பிக்கும். அடுத்த வாரம் அவசர ஆர்டர் என்று யாராவது வந்து நிற்பான், ஜாவை மாற்றியிருப்பாய், டூல் மாற்றியிருப்பாய், "சீக்கிரம் போடு கண்ணு" என்பார்கள். அப்போது மறுபடியும் எனக்கு போன் பண்ணுவாயா? ஒவ்வொரு முதல் பீஸுக்கும் பல்லடத்திலிருந்து அப்பன் பேச வேண்டும் என்றால் அந்த மெஷின் உருப்பட்டாற்போலத்தான். அதனால் நீதான் பேச வேண்டும், உன் வாயால், உன் மாமனாரிடம்.

எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரிந்தது கத்துவது ஒன்றுதான், அது மருமகளுக்கு ஆகாது. ஆனால் எது வேலை செய்யாது என்று தெரியும். ஆபத்து, விபத்து என்று ஆரம்பித்தால் நல்ல காரியத்தில் அபசகுனம் என்று வாயை அடைத்துவிடுவார்கள். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றால் படித்த புள்ளை என்று சிரிப்பார்கள். நல்ல நேரத்தைக் குறை சொல்லாதே. நானும் நேரம் பார்க்கிறவன்தான், உன் முகூர்த்தத்தை நாலு ஜோசியரிடம் காட்டியவன். நேரம் பார்த்துச் செய்வது தப்பில்லை. எதை அந்த நேரத்தில் செய்வது என்பதில்தான் தகராறு. அதை உன் மாமனாருக்கு விளங்குகிற மாதிரி...

இந்த இடத்தில் போன் அடித்தது. எடுத்தால் உன் மாமனார்.

நலம் விசாரித்தார், உங்க பக்கம் கரண்ட் இருக்குதுங்களா என்றார், இல்லீங்க என்றேன், இங்கயும் இல்லீங்க என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேத்துச் சாயங்காலம் மருமக புள்ள எங்கிட்டப் பேசுச்சுங்க" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் சொன்னார்: "'நல்ல நேரத்துல மெஷின ஓட்டிக் காட்டறனுங்க மாமா, ஆனா கதவு சாத்தியிருக்கோணும், டூலு இரும்பு மேல படாது. சனமெல்லாம் டிபன் சாப்பிடப் போனதுக்கப்பறந்தான் முதல் பீஸ் வெட்டுவனுங்க' அப்படீங்குதுங்க. நானும் ரண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தனுங்க. சிரிச்சுப் பாத்தேன். கொஞ்சம் சத்தங்கூடப் போட்டனுங்க. நின்ன எடத்த உட்டு நகரலீங்க."

அவரே மேலே சொன்னார். "அது போகட்டுங்க, நேரம் தப்பாம மெஷின் ஓடுனாச் சேரி. நான் கூப்ட்டது வேறொண்ணுக்குங்க. முதல் பீஸுக்கு உங்களத்தான் பட்டன் அமுத்தச் சொல்லோணும்னு இருந்தனுங்க. சம்பந்தி கையால ஆரம்பிக்கோணும்னு எல்லார்த்துகிட்டயுஞ் சொல்லிப்போட்டேன். அதுக்கும் மாட்டேங்குதுங்க. 'செட்டிங் பண்ணுனவிய கைதான் அமுத்தோணும், எங்கப்பாவே வந்து நின்னு கேட்டாலும் குடுக்க மாட்டனுங்க மாமா, நீங்களே அவருகிட்டச் சொல்லீருங்க'ன்னுருச்சு. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது கண்ணு. பொய் சொல்லவில்லை. ஊர் பார்க்க, சம்பந்தி வீட்டில், ஒரு மரியாதை வீடு தேடி வந்து வாசலோடு திரும்பிப் போன மாதிரி இருந்தது. இந்தக் கழுதைக்கு நான் அப்பனா வேற யாராவதா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது சொன்னாச் சேரியாத்தானுங்க இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். "அதையேதானுங்க எம் மவனும் சொல்றான்" என்று அவர் சிரித்தார். போனை வைத்த பிறகு உன் அம்மா, யார் என்ன சொன்னார்கள், ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியே உங்க பிடிவாதம்" என்றாள். என் பிடிவாதம் இல்லை. நான் அன்றைக்குத் தீபாராதனைத் தட்டை வாங்கிக்கொண்டு நின்றவன்.

இவ்வளவு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். நேற்று நான் மழுப்பிவிட்டு வைத்த பிறகு நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய், எந்த நேரத்தில் இனி அப்பா பேச மாட்டார் என்று தெரிந்துகொண்டு எழுந்து போனாய் என்று எனக்குத் தெரியாது. நேரில் பார்க்கும்போது கேட்பேன், நீ "ஆச்சுங்கப்பா" என்பாய். ஆனாலும் இதை அனுப்புகிறேன். நீ பேசிவிட்டாய் என்று தெரிவதற்கு முன்னால் உன் அப்பன் எவ்வளவு பயந்துபோய் உட்கார்ந்திருந்தான் என்று உனக்குத் தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே நானும் அம்மாவும் வருகிறோம். எல்லோரும் டிபனுக்குப் போகும்போது நான் போக மாட்டேன். நீ முதல் பீஸ் போடும்போது கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

உன் அப்பா